கச்சான் மாசத்தில் சலாலாவிலிருந்து தம்பிக்கு

சலாலா, ஓமான்
ஜூலை, வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பிக்கு காக்கா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்க நல்ல சுகம். வாப்பா, உம்மா, தங்கச்சி, நீ எல்லாரும் நல்லா இருக்கணும்னு தினமும் துஆ செய்யிறேன்.

லீவுல ஊருக்கு வர்ற நம்ம தெருக்காரர் கையில இந்தக் கவரைக் கொடுத்து விட்டிருக்கேன். உள்ள நான் எடுத்த படங்கள் இருக்கு, எல்லாம் பிரிண்ட் போட்டது. போன்ல அனுப்பினா உம்மா ஒரு தடவை பார்த்துட்டு உன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுவாங்க. காகிதத்துல இருந்தா தலகாணிக்கு அடியில வச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவாங்க. அதுக்காகவே பிரிண்ட் போட்டேன்.

பார்த்ததும் இது அரபு நாடா, கொடைக்கானலான்னு நீ கேட்பே. அரபு நாடுதான்டா. ஓமானோட தெற்குக் கோடி, தோஃபார் மாகாணம். மஸ்கட்ல இப்ப வெயில் 40 டிகிரியைத் தாண்டி அடிக்குது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசமும் பகல் 12.30ல இருந்து 3.30 வரைக்கும் வெட்டவெளியில யாரையும் வேலை வாங்கக் கூடாதுன்னு நாடு முழுக்க விதி. அதே ஜூலையில இங்க 26, 27 டிகிரிதான். ராவும் பகலும் தூறல், மலை முழுக்க மூடுபனி. ஜூன் கடைசியில தொடங்கி செப்டம்பர் வரைக்கும் இருக்கிற இந்தப் பருவத்தை கரீஃப்னு சொல்றாங்க.

இதுக்குக் காரணம் நம்ம கச்சான் காத்துதான். இந்த இடத்தை வாப்பாவுக்கு நிதானமா வாசிச்சுக் காட்டு. தென்மேற்குப் பருவக்காத்து இந்தக் கரையை ஒட்டி வீசும்போது மேல்தண்ணியை வெளிய தள்ளிட்டுப் போகுது. அடியில கிடக்கிற குளிர்ந்த தண்ணி மேல ஏறுது. காத்துல இருக்கிற ஈரம் அந்தக் குளிர்ச்சி பட்டுப் பனிமூட்டமாகி, கரைக்குப் பின்னால நிக்கிற மலையில போய் முட்டுது. மலை பச்சையாயிடுது. மலையைத் தாண்டி தும்ரைத் பக்கம் இறங்கினா ஒரு சொட்டுத் தூறல் கிடையாது, சுத்தப் பாலைவனம். அந்தக் காய்ஞ்ச பக்கத்துலதான் சாம்பிராணி மரமே நல்லா வளருது. அதே பருவக்காத்து அரபிக்கடலைத் தாண்டிப் போய்க் கேரளத்து மலையில மழையைக் கொட்டித் தீர்த்துட்டு, நம்ம ராமநாதபுரத்துக்கு வரும்போது வெறுங்கையா வருது. மணலை மட்டும் வாரி வீசுது. உம்மா சோத்துப் பானையைத் திறக்கப் பயப்படுற அந்தக் காத்துதான்டா இங்க புல்லா முளைச்சு நிக்குது. இதை நினைச்சாலே எனக்கு மனசு நிறைஞ்சு போகுது. கடல் கடந்து வந்தும் நம்ம காத்துக்குள்ளதான் இருக்கேன்.

கச்சான்ல நம்ம மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் பொங்குற மாதிரி இங்கயும் இந்த மாசங்கள்ல கடல் பொல்லாதது. மிர்பாத்ல சின்னப் படகுகளைக் கரையில ஏத்தி வச்சிருக்காங்க. அந்தப் படம் வாப்பாவுக்குன்னே எடுத்தது. குளிர்காலத்துல இதே கரையில சாளை மீனைப் பரப்பிக் காயப் போடுறாங்க. அது ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் தீனி. அதையும் சொல்லு, வாப்பா நம்ப மாட்டாங்க.

என் வேலை உனக்குத் தெரியும், குபூஸ் ரொட்டி வண்டி ஓட்டுறது. விடியுறதுக்கு முன்னாடி கடை கடையாப் போட்டுட்டுத் திரும்பும்போதுதான் படம் எடுக்க நேரம் கிடைக்குது. மஸ்கட்ல இருந்து, துபாய்ல இருந்தெல்லாம் ஆயிரம் கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வந்து, தூறல்ல பாயை விரிச்சு நனைஞ்சுக்கிட்டே டீ குடிக்கிறாங்க. வாதி தர்பாத்ல ஓடை பெருகி ஓடுது, பிள்ளைகள் படகுல போறாங்க. இத்தீன் ரோட்டுல மிஷ்காக், அதான் கம்பியில குத்தின இறைச்சி, சுடுற புகை பனியோட கலந்து நிக்குது. ஒட்டகம் நடுரோட்டுல நின்னா அது நகர்ற வரைக்கும் யாரும் ஹாரன் அடிக்கிறது இல்ல. டவுனுக்குள்ள தோப்பு ஓரமா வரிசையா இளநீர்க் கடை, வாழைத்தார், பப்பாளி. கடையில நிக்கிறவங்க பாதிப் பேர் மலையாளியும் வங்காளியும். இளநீர் சீவுற கையை மட்டும் எடுத்த படம் ஒண்ணு இருக்கு பாரு. இந்தக் கட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

இங்க பெண்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. ஆண்களைன்னாலும் கேட்டுட்டுத்தான் எடுக்கணும். பாயில உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். முகம் வேண்டாம்னார், டீக் குவளை பிடிச்ச கையை எடுத்துக்கச் சொன்னார். எனக்கும் ஒரு குவளை ஊத்திக் கொடுத்தார். கேட்டு எடுக்கிற படத்துல இருக்கிற நிம்மதி ஒளிஞ்சு எடுக்கிறதுல வராதுடா.

முக்சைல்ங்கிற இடத்துல பாறை ஓட்டை வழியா அலை ஆள் உயரத்துக்கு மேல பீச்சி அடிக்குது. அங்க வேலியைத் தாண்டாம நின்னுதான் எடுத்தேன். 2022 ஜூலையில ஒரு குடும்பத்து ஆட்களை அந்த இடத்துல அலை இழுத்துட்டுப் போச்சு. நீ தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போனாலும் போனைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள கால் வைக்காதே.

கோர் ரோரி படத்தைத் தனியா ஒரு தாள்ல சுத்தி வச்சிருக்கேன். தாக்கா பக்கத்துல கடல்கழி ஓரமா இடிஞ்ச சுவர்கள் தெரியுதே, அது சும்ஹுரம்ங்கிற பழைய துறைமுகம். இங்க இருந்துதான் அந்தக் காலத்துல சாம்பிராணி ஏத்தியிருக்காங்க. 2006ல தோண்டினப்ப ஒரு பானை ஓடு கிடைச்சுது. அதுல தமிழ் பிராமி எழுத்துல ‘ணந்தை கீரன்’னு ஒரு பேர். சுமார் 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம்ம அழகன்குளத்துலயும் பேர் எழுதின ஓடுகள் கிடைச்சிருக்குன்னு நமக்குத் தெரியும். அந்தக் கீரன் எந்த ஊர்க்காரரோ, இந்தக் கரையில வந்து இறங்கி, தன் பானையில பேரை எழுதியிருக்கார். அந்தச் சுவர்கிட்ட ரொம்ப நேரம் நின்னேன்.

இனி உன்கிட்ட கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். வாப்பா பாய் விரிச்சு ஓட்டின வத்தைப் படகோட படம் நம்ம வீட்டுல ஒண்ணு கூட இல்ல. கல்யாண ஆல்பம் இருக்கு, ஸ்டுடியோவுல நின்னு எடுத்தது இருக்கு. நம்ம வயித்தை நிறைச்ச வத்தை இல்ல. அன்னைக்கு அதைப் படம் எடுக்கணும்னு யாருக்கும் தோணல, தினமும் கண்ணுக்கு முன்னால நின்னதால. இங்க ரூம்ல படுத்துக்கிட்டு ஊர்ப் படம் தேடினா பாம்பன் பாலம்தான் வருது. 1914ல கட்டினது, 2025 ஏப்ரல்ல திறந்த புதுசு, ரெண்டும் எல்லாக் கோணத்துலயும் இருக்கு. நம்ம தெரு இல்ல, நம்ம கரை இல்ல. அதை நீதான் எடுக்கணும்.

இப்ப உடனே எடுக்கக் கூடியது வாலிநோக்கம் உப்பளம். இந்தக் காத்துலதான் உப்பு நல்லா விளையும். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள போயிடு. வெள்ளை நிறைஞ்ச இடத்துல கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிடும். எக்ஸ்போஷரை, அதான் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டி வை. இங்க பனியிலயும் நான் அப்படித்தான் எடுக்கிறேன். உப்புக்காத்து லென்ஸ்ல படியும், சட்டைத் துணியால தேய்க்காம மெல்லிய துணியை நனைச்சுத் துடை. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுல கருப்பட்டி காய்ச்சுற அடுப்பு, பனை ஏறுறவங்க கால்ல போடுற தளை, அதையெல்லாம் தள்ளிப் போடாதே. பனை ஏற ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது.

குண்டு மிளகாய் காயப் போடுற களத்துக்கு அடுத்த பங்குனி, சித்திரை வரைக்கும் பொறுக்கணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல விசைப்படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறது, மரநிழல்ல வலை பொத்துறது, அதெல்லாம் நாள் பூரா எடுக்கலாம். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்குப் போனா விளக்குப் போட்ட கூட்டை மட்டும் எடுத்துட்டு வந்துடாதே. முதல் நாளே போய் அதைக் கட்டுறவங்களை எடு, எல்லாச் சாதி மதத்து ஆளும் அங்க வேலை செய்யிறதை எடு, விடிய விடிய மணல்ல தூங்குற பிள்ளைகளை எடு.

கடல்பாசி எடுக்கிற பெண்கள் விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இரு. மன்னார் வளைகுடாத் தீவெல்லாம் தேசியப் பூங்கா, இறங்கத் தடை. அவங்க கண்ணாடி மாட்டி முங்கிப் பாசி எடுக்கிறது பார்க்க எவ்வளவு கம்பீரமா இருந்தாலும், முகமும் இடமும் தெரியிற மாதிரி எடுத்து வெளிய போட்டா அவங்க பொழைப்புக்குத்தான் கேடு. கரைக்கு வந்து பாசியைக் காயப் போடும்போது, அவங்க சரின்னு சொன்னா எடு. எடுத்ததை ஒரு பிரதி போட்டு அவங்க கையில கொடு.

ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் தேதி, இடம், காத்து எந்தப் பக்கம்னு எழுது. காத்து தெரியலைன்னா வாப்பாகிட்ட கேளு, படத்தைப் பார்த்தே சொல்லிடுவாங்க. பிரிண்ட் போடவும் பெட்ரோலுக்கும் சேர்த்துத்தான் இந்த மாசம் பணம் அனுப்பியிருக்கேன், வேற எதுக்கும் செலவு பண்ணாதே.

கவரோட இருக்கிற சின்னப் பொட்டலம் உம்மாவுக்கு. இங்கத்துச் சாம்பிராணி. நெருப்புல ஒரே ஒரு துண்டு போட்டா வீடு முழுக்க மணக்கும். தங்கச்சி பரீட்சை முடிவு வந்ததும் போன் பண்ணச் சொல்லு. எல்லாருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உன் காக்கா