முதியோர் பராமரிப்பு இல்லங்களை விடியற்காலையிலும் சோதனை செய்யக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் சமூக நல அதிகாரி,
கோலகங்சார் மாவட்டச் சமூக நல அலுவலகம், பேராக்.

அனுப்புநர்:
சுங்கை சிப்புட் வட்டாரத் தனியார் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் முதியோரின் குடும்பத்தினரும் ஓய்வுபெற்ற தாதியரும்.

பொருள்: முன்னறிவிப்பில்லாத இரவுச் சோதனை, தாதிமைப் பணிக்கு உரிய உரிமம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடுகளில் நடக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கு உங்கள் அதிகாரிகள் வருவது பெரும்பாலும் காலை பத்து, பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் தரை துடைத்திருக்கும், எல்லாரும் குளித்து முடித்திருப்பார்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கும். ஆபத்து இருப்பதோ விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள். அந்த நேரத்தில் ஒருமுறை வாருங்கள் என்பதே இந்த மனுவின் முதல் கோரிக்கை.

ஏன் அந்த நேரம்? இங்கே இருப்பவர்களில் பலர் தோட்டத்து ஆட்கள். முப்பது, நாற்பது ஆண்டுகள் விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்த உடம்பு, எண்பது வயதிலும் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். இரவுப் பணியாள் ஒருவர்தான், அவரும் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்காது. இதய நோய்க்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரையைச் சில இல்லங்களில் சாயங்காலம் கொடுக்கிறார்கள். அதனால் இரவு முழுக்க எழுந்து போக வேண்டியிருக்கிறது. மருத்துவரைக் கேட்டு அதைக் காலைக்கு மாற்றி, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தரையோரம் சிறு விளக்கு வைத்து, நாலு மணிக்கு ஒரு சுற்று வந்து எழுப்பிக் கூட்டிப் போனாலே விழுவது நிறையக் குறையும். அதை விட்டுவிட்டுக் கட்டிலோடு கையைத் துணியால் கட்டுவது பராமரிப்பு ஆகாது. கட்டப்பட்டவர் கட்டை அவிழ்க்கப் போராடிக் கட்டில் தடுப்புக்கு மேலேறி விழும்போது, அடி இன்னும் உயரத்திலிருந்து விழுகிறது.

அடுத்தது உரிமம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் வீடு, பராமரிப்பு மையங்கள் சட்டம் 1993 (506ஆம் சட்டம்) படி உங்கள் துறையில் பதிய வேண்டும். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, துணைக்கு இருப்பது போன்ற வேலைகளுக்கு அது போதும். மூக்குக் குழாய் வழி உணவு, சிறுநீர்க் குழாய், எலும்பு தெரியும் புண் ஆகியவை தாதிமைப் பணி. அதற்கு 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டப்படி சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். நடப்பது என்ன? 506 பதிவோடு தொடங்கிய வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது. மருத்துவமனையிலிருந்து மூக்கில் குழாயோடு அதே கட்டிலுக்குத் திரும்புகிறார். மாதக் கட்டணம் ஏறுகிறது, உரிமம் மாறுவதில்லை. உங்கள் அதிகாரி குழாயைத் தன் வேலை இல்லை என்று கடந்து போகிறார். சுகாதார அலுவலகத்துக்கோ அந்த வீடு தன் பட்டியலிலேயே இல்லை.

குழாய் விஷயத்தில் தவறு நடந்தால் பால் நுரையீரலுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பால் ஊற்றுமுன், மூக்கு நுனியில் குழாயில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் வழியே வயிற்று நீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். காற்றை ஊதி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் பழைய முறையை நம்பக் கூடாது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், பால் முடிந்த பின்னும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே. படுத்த நிலையில் ஆறு பேருக்கு வரிசையாக ஊற்றிக்கொண்டே போவது வேகமான வேலைதான். ஒரு வாரம் கழித்துச் சளியும் காய்ச்சலுமாக மருத்துவமனைக்குப் போவது அதன் விலை.

படுக்கைப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்ததாக அட்டவணை காட்டுவார்கள். அதைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பாருங்கள். இரவு 10, 12, 2, 4, 6 எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால் அது காலையில் உட்கார்ந்து நிரப்பியது. பிறகு கட்டிலைப் பாருங்கள்: அட்டவணை ‘இடது’ என்கிறது, ஆள் மல்லாந்து கிடக்கிறார். காற்று மெத்தை இருக்கிறதே என்று சொல்வார்கள். மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேரே, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கக் கையை விடுங்கள். கைக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் ஓர் அங்குலக் காற்றாவது இல்லை என்றால் அந்த மெத்தை இருந்தும் இல்லாததுதான். பம்பில் எடைக் குமிழ் திருப்பாதது, மின்சாரம் போய் வந்த பின் பம்பைப் போட மறப்பது, மேலே பிளாஸ்டிக், போர்வை, இரட்டை டயப்பர் என்று அடுக்குவது, எல்லாமே இதற்குக் காரணமாகலாம். மெத்தை மேல் ஒரு மெல்லிய விரிப்பு போதும்.

பயிற்சிப் புத்தகங்களில் ‘தோல் சிவந்தால்’ என்று எழுதியிருக்கும். நம்மவர்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. முதுகடி, குதிகால், இடுப்புப் பக்கம் ஆகிய இடங்களைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றிலும் உள்ளதைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, இன்னும் கறுத்தோ இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. இதைப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும்.

சர்க்கரை நோயாளிகளுக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கே சாப்பாடு முடிந்துவிடுகிறது, பகல் பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக. அடுத்த உணவு காலை எட்டுக்கு. இன்சுலினோ மாத்திரையோ எடுத்தவருக்குப் பதினான்கரை மணி நேரப் பட்டினி! நள்ளிரவில் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் வியர்த்து, உளறி, அடங்கிப்போவார். ‘நல்லா தூங்குறார்’ என்று நினைத்துக்கொள்வார்கள். இரவு ஒன்பதுக்கு இரண்டு பிஸ்கட்டும் பாலும் வேண்டும். இரவுப் பணியாளர் கையில் குளுக்கோமீட்டரும் வேண்டும். விழிப்போடு விழுங்க முடிந்தவருக்கு மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், பதினைந்து நிமிடத்தில் மறுசோதனை. விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999.

ஒட்டிப் பரவும் சொறிக்கு ஒருவருக்கு மட்டும் மருந்து தடவிப் பயனில்லை. இல்லத்தில் இருப்போர், பணியாளர் எல்லாருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் 5 விழுக்காடு களிம்பு, ஏழு நாளில் மறுபடியும். துணியைச் சுடுநீரில் துவைக்க முடியாவிட்டால் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் ஒதுக்கி வைக்க வேண்டும்.

தீ. 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் கெராமாட்டில் சமயப் பள்ளி விடுதித் தீயில் 23 பேர் மாண்டபோது, ஜன்னல் கிரில் வழியை அடைத்ததை நாடே பார்த்தது. எங்கள் ஊர் இல்லங்களிலும் ஜன்னலுக்குக் கிரில், வாசல் கிரில்லுக்குப் பூட்டு, சாவி பகலில் வரும் மேலாளரிடம். உள்ளே இருப்பவர்களோ தாமாக எழுந்து நடக்க முடியாதவர்கள். பொம்பா (தீயணைப்புத் துறை) சான்றிதழைக் கேட்பதோடு நிற்காமல், ‘இப்போது இந்த அறையைக் காலி செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். ஒரே பணியாள், ஐந்து படுக்கை, கடிகாரம் உங்கள் கையில். போர்வையோடு தரையில் இழுத்துக்கொண்டு போகும் முறை பணியாளருக்குத் தெரியுமா என்பது அப்போது வெளியே வரும். சாமி மேடை விளக்கும் ஊதுபத்தியும் ஆக்சிஜன் இயந்திரத்துக்கு அருகிலேயே இருப்பதும் சாதாரணம். சாமியை நகர்த்தச் சொல்லவில்லை, இயந்திரத்தை மூன்று மீட்டர் தள்ளி வைக்கலாம். குளியலறைச் சுடுநீர் இயந்திரத்துக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை நீங்களே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால் அது வெறும் அலங்காரம்.

ஆகவே நாங்கள் கேட்பது: ஆண்டுக்கு இரண்டு முன்னறிவிப்பில்லாத சோதனை, அதில் ஒன்று விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள், மாவட்டச் சுகாதார அலுவலகமும் பொம்பாவும் உங்களோடு சேர்ந்து. குழாயோ ஆழ்ந்த புண்ணோ உள்ளவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு இல்லமும் மாதந்தோறும் எழுத்தில் தர வேண்டும்; அப்படி ஒருவர் இருந்தாலும், நடப்பு ஆண்டுப் பணிச் சான்றிதழ் உள்ள பதிவுபெற்ற தாதி ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பணியாளர் இந்தோனேசியரோ மியன்மார்க்காரரோ என்றால், ‘வலிக்குது’, ‘ஒன்னுக்கு வருது’, ‘மூச்சு முட்டுது’, ‘தண்ணி’ முதலிய இருபது சொற்களைத் தமிழ் ஒலிப்பிலும் மலாய்ப் பொருளிலும் எழுதிய அட்டை ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் தொங்கட்டும்.

குறை கண்ட இல்லத்தை ஒரே நாளில் இழுத்து மூட வேண்டாம். மூடினால் அங்கே இருப்பவர்கள் போக இடமின்றி, பதிவே இல்லாத வேறொரு வீட்டுக்குத்தான் போவார்கள். என்ன குறை, எத்தனை நாளில் திருத்த வேண்டும் என்று எழுதி, அந்தத் தாளை மலாயிலும் தமிழிலும் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளவர்களை மட்டும் உடனே சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கு மாற்றுங்கள். புகார் சொன்னால் ‘உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்ற பதிலுக்குப் பயந்தே பல குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. 15999 என்ற அரசு உதவி எண்ணுக்கு வரும் புகார்களில் புகார்தாரர் பெயர் இல்லத்துக்குப் போகாது என்று உங்கள் அலுவலகம் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

முதல் சோதனையின் தேதியை எங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இங்ஙனம்,
மேற்கண்ட குடும்பத்தினரும் தாதியரும்
(கையொப்பங்கள் இணைப்பில்)

நகல்:
கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகம்
தீயணைப்பு மீட்பு நிலையம், சுங்கை சிப்புட்
கோலகங்சார் நகராண்மைக் கழகம்