வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: மூன்றாம் நாள் நின்றுபோன பிக்கப் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, காசிமேட்டிலிருந்து வணக்கம்.

பத்து நாளாக எங்கள் கடையைப் பற்றி ஒரு ஆடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரர்கள் குரூப்பில் ஆரம்பித்து திருவொற்றியூர், மணலி வரை போய், கடைசியில் என் மச்சான் போனிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. "அங்க மாட்யூல் மாத்தாதீங்கப்பா, நம்ம ஒரிஜினலைக் கழட்டி வித்துட்டு டூப்ளிகேட்டை மாட்டி அனுப்புறாங்க" என்கிறது அந்தக் குரல். மாட்யூல் என்றால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் வரவைக்கும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி. யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். அவர் மேல் கோபமில்லை. மீன் லோடோடு எர்ணாவூர் மேம்பாலத்தில் நின்று, ஐஸ் உருகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் "கழட்டி வித்துட்டாங்க" என்ற வார்த்தைக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அவருடையது இருபது வருஷத்துக்கு மேலான பெட்ரோல் பிக்கப் வண்டி. டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, டீசலுக்கு ஸ்பார்க்கே வேண்டாம். பெட்ரோல் வண்டியில் முன்பு பாயின்ட், கண்டென்சர் என்ற பாகங்கள் செய்த வேலைக்கு வந்ததுதான் மாட்யூல். டெல்கோவுக்குள், அதாவது பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், இருக்கும் பிக்கப் காயில் என்ற சென்சார் தரும் சிக்னலை வாங்கி, ஹை வோல்டேஜை உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரன்ட்டை விட்டு விட்டு அறுக்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு ஸ்பார்க். அது கெட ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும். அரை மணி ஓடிச் சூடானதும் ஆஃப் ஆகும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இவர் வண்டியும் அப்படித்தான் வந்தது. ஹேர் டிரையரால் மாட்யூலுக்குச் சூடு காட்டியதும் ஸ்பார்க் நின்றது. புதுசு மாட்டினோம். மூன்றாம் நாள் அதுவும் போனது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்த அன்று நானே உட்கார்ந்து பார்த்தேன். இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தால், பேட்டரி கரன்ட் போகும் பிரைமரி சுற்று ஒன்றரை ஓம் காட்டுகிறது. அந்த மாட்யூலுக்கு வேண்டியது மூன்று ஓம் காயில். ஒன்றரை ஓம் காயில் என்பது கரன்ட்டைக் குறைக்கத் தனியாக ஒரு ரெசிஸ்டர் போட்டு ஓட்ட வேண்டியது. ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் கணக்குப்படி கரன்ட் இரண்டு மடங்கு இழுக்கும், மாட்யூல் வெந்துபோகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீரில் வண்டி நின்றபோது அவசரத்துக்கு வேறு இடத்தில் மாற்றிய காயிலாம், பிறகு அவரே சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பழைய மாட்யூலைக் கொன்றதும் அந்தக் காயில், புதுசைக் கொன்றதும் அதேதான். மாட்யூலின் சூடு இறங்க அடியில் தடவ வேண்டிய வெள்ளை பேஸ்ட்டையும் எங்கள் கடைப் பையன் முதல் தடவை விட்டுவிட்டான், அன்று நான் கடையில் இல்லை. சரியான காயிலோடு இன்னொரு மாட்யூல் மாட்டிக் கொடுத்தோம், மாட்யூலுக்குப் பணம் வாங்கவில்லை. வண்டி இப்போது தினமும் பொன்னேரி போய் வருகிறது.

இனி அந்தப் பழைய மாட்யூல். அது எங்கேயும் போகவில்லை. பழைய பிளக்குகள் போடும் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. பின்பக்கத்து ரெசின் உப்பி வெடித்து, விரிசலில் பழுப்பாக எண்ணெய் மாதிரி ஒன்று கசிந்து காய்ந்திருந்தது. கடற்காற்றில் ஒயர் மாட்டும் மூன்று பின்களும் பச்சை பூத்திருந்தன. இதை யாரிடம் விற்பது? புதுப்பேட்டையில் எடை போட்டு இரும்போடு கூட வாங்க மாட்டார்கள். அவர் வந்தபோது உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கர்சீப்பில் முடிந்து கொண்டுபோனார். ஆடியோ மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து இந்தக் கடையில் ஒரு பல்பு கூடச் சொல்லாமல் மாற்றியதில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆடியோவைக் கேட்ட பிறகும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களை நான் மறக்க மாட்டேன். அந்தப் புயலின்போது கடைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. கூப்பிடாமலே வந்து பேட்டரி சார்ஜரையும் டெஸ்ட் பெஞ்சையும் தூக்கி மேலே வைத்தவர்கள் நீங்கள்தான். உங்கள் நம்பிக்கையில்தான் ஷட்டர் திறக்கிறோம்.

கழற்றும் எந்தப் பொருளையும் இனி கவரில் போட்டு, வண்டி நம்பர் எழுதி, பில்லோடு உங்கள் கையில் கொடுப்போம். மாட்யூல் மாற்ற வேண்டுமென்றால் காயில், பிளக்குக்குப் போகும் எச்.டி. ஒயர், எர்த், சார்ஜிங் வோல்டேஜ் நான்கையும் பார்த்த பிறகுதான் கை வைப்போம். "அண்ணா, அதை மட்டும் மாத்திக் கொடு, லோடு நிக்குது" என்றால் தயவுசெய்து கோபிக்காதீர்கள், முடியாது. பழைய வண்டிகளுக்கு நல்ல மாட்யூல் ஜி.பி. ரோட்டில் தேடி அலைந்துதான் கிடைக்கிறது, கிடைத்தாலும் விலை முன்பு மாதிரி இல்லை. ஒன்றாம் தேதியிலிருந்து கூலி 400 அல்ல, 550 ரூபாய்.

செக் பண்ண அரை நாள் ஆகும். மீன் வண்டிக்காரர்கள் விடியற்காலை ஏலத்துக்கு வண்டி வேண்டுமென்றால் முந்தின நாள் மதியமே விட்டுவிடுங்கள். நான் இல்லாவிட்டால் சாவியை எதிர் டீக்கடையில் கொடுங்கள், சூடானபின் நிற்கிறதா, எடுக்கும்போதே தகராறா என்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்காரன்,
காசிமேடு