தகரப் பட்டறைக்கு ஏசி வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதியிலும் ஏ9 வீதியோரத்திலும் இப்போது எழும்புகிற பட்டறைகளில் பல, இரும்புச் சட்டத்தில் தகரச் சீற் அடித்து, இடையில் சூடு தடுக்க ரெஜிபோமோ (வெள்ளைத் தெர்மோகோல்) பியூ (பொலியூரதேன்) நுரையோ வைத்து மூடியவை. கெதியாகக் கட்டி முடிக்கலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவற்றுக்கு ஏசி தெரிவு செய்கிற விதம் எனக்குப் பெரிய கவலை. ஏசி பொருத்துவதும் திருத்துவதும் என் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் முதற் கேள்வி, "எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்?" அதைப் பெருக்கிப் பார்த்து 18,000 அல்லது 24,000 பி.ரி.யு (ஏசி மணிக்கு எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்கிற அளவு) என்று எழுதித் தந்துவிடுகிறார்கள். வீட்டு அறைக்கு அது சரி. பட்டறைக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. 3 எச்.பி மோட்டர் ஒன்று முழுச் சுமையில் ஓடினால் அது இழுக்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது, மணிக்கு 7,600 பி.ரி.யுவுக்கும் மேல். 9,000 பி.ரி.யு ஏசி ஒன்று அந்த ஒரு மோட்டருக்கே சரியாகப் போய்விடும். காற்றடிக்கிற கொம்பிறசரை வெளியே ஒரு சாய்ப்புக் கூரைக்குக் கீழே வைத்து, குழாயை மட்டும் உள்ளே எடுத்தால் இந்தச் செலவு அப்படியே மிஞ்சும், சத்தமும் குறையும்.

அடுத்தது ஓட்டை. நல்ல மத்தியான வெயிலில் கதவுகளை மூடி, லைற் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு உள்ளே நின்று பாருங்கள். கூரைச் சீற்றின் நெளிவு சுவரில் வந்து முட்டுகிற இடத்தில் வரிசையாக வெளிச்சம் தெரியும், ரோலர் கதவின் அடியில் ஒரு கோடு தெரியும். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் அந்த வழியெல்லாம் வெளிக்காற்றும் புழுதியும் உள்ளே வரும், எவ்வளவு பெரிய ஏசி போட்டாலும் இதற்கு ஈடு கொடுக்காது. நெளிவுக்கு ஏற்ற நுரைப்பட்டியும் கதவடிக்கு றப்பரும் அடிக்கிற செலவு ஏசி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனாலும் முதலில் அதைச் செய்கிறவர்களைக் காண்பது அரிது.

பெரிதாகப் போட்டால் கெதியாகக் குளிரும்தானே என்று சொல்வார்கள். குளிரும், உடனே நின்றும் விடும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தெடுக்க அது போதிய நேரம் ஓடியிராது. கடல் சூழ்ந்த எங்கள் குடாநாட்டில் அந்த ஈரம் லேத் (கடைசல் இயந்திரம்) படுக்கையிலும் அளவுக் கருவிகளிலும் துருவாக நிற்கும். ஒரு பெரியதுக்குப் பதிலாக இரண்டு சிறிய இன்வேட்டர் ஏசி போடுங்கள், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. இன்வேட்டர் வேகத்தைக் குறைத்து நெடுநேரம் ஓடும், தொடங்கும்போது கரண்டை ஒரேயடியாக இழுக்காது, பின்னேரத்தில் வோல்ற்றேஜ் இறங்குகிற ஊர்களில் அது பெரிய விஷயம்.

வெல்டிங்கும் ஸ்பிரே பெயின்ற்றும் நடக்கிற இடத்துக்கு ஏசியே வேண்டாம். சாதாரண ஸ்பிளிற் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளேயிருக்கிற புகையைத்தான் குளிராக்கித் திரும்பத் திரும்பத் தரும். அந்த வேலைக்குப் புகையை வெளியே தள்ளுகிற பெரிய மின்விசிறி வேண்டும், நுணுக்க வேலைக்கு மட்டும் ஒரு பகுதியைத் தடுத்து அங்கே ஏசி போட்டால் போதும். இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ரெஜிபோமும் பியூ நுரையும் எரியக்கூடியவை. பலகையின் வெட்டு விளிம்பு திறந்தபடி இருக்கிற சுவரோரத்தில் நின்று வெல்டிங் பிடிப்பதைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அந்தப் பக்கத்துக்காவது எரியாத கண்ணாடிக் கம்பளி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

குருநகர், பாசையூர், காரைநகர்ப் போன்ற கடலோரப் பக்கங்களில் ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றினால் அலுமினியத் தகடுகள் விரல் பட்டதுமே வெள்ளைத் தூளாக உதிர்கின்றன. உப்புக் காற்றின் வேலை அது. வாங்கும்போதே தகடுகளுக்குப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள், பெட்டியைக் கடற்காற்று நேரே அடிக்காத பக்கத்தில், நிழலில் வையுங்கள், இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் உப்பின் மேல் உப்புத்தான்.

விற்கிறவர்களிடம் நான் கேட்பது, பட்டறைக்கு என்று வந்து கேட்டால் ஒருவரை அனுப்பி இடத்தைப் பார்த்த பிறகு அளவைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமோ எங்கள் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பொருந்துகிற வெப்பக் கணக்கை ஒரு பக்கத்தில், தமிழில் அச்சடித்துத் தந்தால், வாங்குகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே கடையில் கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
ஏசி திருத்துநர் ஒருவர்,
கோண்டாவில்.