காய்வது வேறு, ஆறுவது வேறு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்பதில் மகிழ்ச்சி. சின்னவன்தான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பக்கைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறான் போலிருக்கிறது. காற்றாட விடுவதா, கட்டுப் போடுவதா என்று கேட்டிருந்தாய். கட்டுப் போடு.

'புண் காய்ந்துவிட்டது' என்றும் சொல்கிறோம், 'ஆறிவிட்டது' என்றும் சொல்கிறோம். இந்தக் குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது. காய்வது மேலே இருக்கிற பக்கு. ஆறுவது அதற்கு அடியில் இருக்கிற தோல்.

தோல் கிழிந்ததும் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக் குவியும். அவற்றின்மேல் ஃபைப்ரின் என்ற புரத நூல்கள் வலையாகப் பின்ன, சிவப்பணுக்கள் அதில் சிக்கும். கசிகிற ஊனீரோடு (புண்ணிலிருந்து வடிகிற தெளிந்த நீர்) சேர்ந்து இது உலர்ந்தால் அதுதான் பக்கு. திறந்து கிடக்கிற புண்ணுக்கு அது ஒரு மூடி, அவ்வளவுதான்.

உண்மையான வேலை ஓரங்களில் நடக்கிறது. ஒரு நாளுக்குள் அங்குள்ள தோல் செல்கள் பிடியை விட்டு, தட்டையாகி, புண்ணின்மேல் ஊர ஆரம்பிக்கும். சிராய்ப்பு ஆழமில்லை என்றால் நடுவில் மிஞ்சியிருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் செல்கள் கிளம்பும். ஊர்வதற்கு அவற்றுக்கு ஈரம் வேண்டும். மேற்பரப்பு காய்ந்துபோனால், பக்குக்கும் உயிருள்ள சதைக்கும் நடுவே நொதிகளால் அரித்து வழி செய்துகொண்டு போகவேண்டும். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்து நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்: பாலித்தீன் தாளால் மூடிய புண்ணில், காற்றில் விட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் புதுத்தோல் படர்ந்தது.

பக்கைப் பிய்க்கும்போது அடியில் ஊர்ந்துவந்த அந்த மெல்லிய படலமும் கூடவே கிழிகிறது. ரத்தம் வருகிறது, எல்லாம் முதலிலிருந்து. திட்டினால் பையன் கேட்கமாட்டான். ஆறுகிற புண் அரிக்கத்தான் செய்யும். வாசலினை மெல்லியதாகத் தடவு. பக்கு இளகும், அரிப்பும் தணியும், ஓரங்கள் தாமாகவே கழன்றுவரும்.

அடுத்த முறை விழுந்தால் (விழுவான்!) முதலில் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடி. நடுவில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவு. சோப்பு சுற்றியுள்ள தோலுக்கு மட்டும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் புண்ணுக்குள் ஊற்றாதே, கிருமியோடு நல்ல செல்லும் சாகும். வாசலின், மேலே ஒட்டாத கட்டு, தினம் ஒரு மாற்று. கட்டு ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் ஊறவைத்து எடு. சுற்றுத்தோல் வெளுத்து ஊறிப்போனால் ஈரம் மிஞ்சிவிட்டது, அடிக்கடி மாற்று.

மஞ்சள் படலம் தெரிந்தால் சீழ் என்று பதறாதே, பெரும்பாலும் அது ஃபைப்ரின்தான். முதல் இரண்டு நாள் சிவப்பும் வீக்கமும் இயல்பு. அதற்குப் பிறகும் சிவப்பு பரவினால், வலி கூடினால், நாற்றமோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போ. மண் பட்ட காயம் என்பதால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் ஆகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்.

மேல்தோல் மட்டும் போயிருந்தால் வடு இருக்காது. ஆழமாக வெட்டுப்பட்டால் கதை வேறு. 3 மாதம் கழித்தும் அந்த இடத்துக்குப் பழைய வலுவில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும், முழுதாக ஒருபோதும் வராது.

உனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் உன் விஷயத்தில் இந்தப் பொறுமையெல்லாம் கூடாது. காலில் சிறு கீறல் என்றாலும் உடனே காட்டிவிடு; சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய காலில் வலியை நம்பி இருக்க முடியாது.

ஒன்று கேட்க மறந்தேன். சின்னவன் புண்ணில் கருப்புத் துகள் ஏதும் தெரிகிறதா? மண்ணோ தாரோ உள்ளே தங்கி மேலே தோல் மூடிவிட்டால், பச்சை குத்தியதுபோல் நிரந்தரமாக நின்றுவிடும். பார்த்து எழுது.

அன்புடன்,
கண்ணன்