1639 என்று பொறித்த கிடங்கு

நாகசாகி

அன்புள்ள சேவியர்,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன்; திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம்.

ஜப்பானிய வாடிக்கையாளர்களைப் பார்க்க எங்கள் டச்சு மேலாளருடன் இங்கே வந்திருக்கிறேன். விலையைக் கேட்டவர்கள் "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்கள். 'முடியாது' என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் காதோடு சொல்லியும் கேளாமல், மனிதர் "ஆமாவா, இல்லையா, இப்போதே சொல்லுங்கள்" என்றுவிட்டார். கணபதி வாத்தியார் வகுப்பில் நீ தும்மிய அன்றுகூட அப்படியொரு அமைதி விழுந்ததில்லை.

மறுநாள் தனியாக ஹிராடோ தீவுக்குப் போனேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1609இல் ஜப்பானில் முதன்முதலாகக் கடை விரித்த இடம் அது. 1639இல் அவர்கள் கட்டிய கல் கிடங்கை 2011இல் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். பழைய கிடங்கு இடிந்த கதைதான் என்னை விடாமல் துரத்துகிறது. அதன் முகப்பில் கிறிஸ்து ஆண்டைப் பொறித்திருந்தார்கள். உன் பெயருக்குரிய புனிதர் 1549இல் ககோஷிமாவில் இறங்கி விதைத்த மதத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்த, அன்று ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசு, அதையே குற்றமாக்கி, 1640இல் இடிக்கச் சொன்னது. வணிகத் தலைவர் பிரான்சுவா கரோன் மறுபேச்சின்றி இடித்தார்.

அந்தப் பணிவுக்குக் கூலி கிடைத்தது. போர்த்துக்கீசியருக்காகக் கட்டப்பட்ட தெஜிமா என்னும் விசிறி வடிவச் செயற்கைத் தீவுக்குள் 1641இல் டச்சுக்காரர்களை அடைத்தார்கள் என்றாலும், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வேறெந்த ஐரோப்பியருக்கும் இல்லாத வணிக உரிமை அவர்களிடமே இருந்தது. அதற்காக எடோ (இன்றைய டோக்கியோ) வரை போய் ஷோகுன் முன் தவழ்ந்து வணங்கினார்கள். 1691இல் உடன் சென்ற மருத்துவர் கெம்ஃபர் ஆடியும் பாடியும் காட்ட வேண்டியிருந்தது.

வியாபாரிக்கு வெட்கம் ஏது என்று நீ சிரிப்பாய். அந்த வியாபாரத்தில் நம் ஊருக்கும் பங்குண்டு, அப்பா! ஜப்பானியச் செம்பு சோழமண்டலக் கரையில் விலைபோனது. நம் கரையிலிருந்து போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் 'சந்தோமே' என்று பெயர். உன் சாந்தோம்தான்.

ஆனால் என்னால் சிரிக்க முடியவில்லை. ஷிமாபாரா கலகத்தின்போது, 1638இல், கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த கிறிஸ்தவக் குடியானவர்கள் மீது, ஷோகுனின் ஆட்கள் கேட்டதற்காகப் பீரங்கிக் குண்டு வீசியவர்களும் இதே டச்சுக்காரர்கள்தாம். கிடங்கை இடித்ததைச் சாமர்த்தியம் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தடையில்லை. குண்டு வீசியதை எந்தக் கணக்கில் எழுதுவது? இரண்டையும் ஒரே பணிவு செய்திருக்கிறதே என்பதுதான் இரண்டு இரவுகளாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது. உன் ஞாயிற்றுக்கிழமைப் பங்குத்தந்தையிடம் கேட்டுச் சொல். நீயாக ஒன்றைக் கட்டிவிடாதே.

மேலாளர் இப்போது தவித்துப்போய், வாடிக்கையாளர்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். கரோனின் கதையை அவரிடம் சொல்லவில்லை. எந்தப் பாதியை எடுத்துக்கொள்வாரோ, யார் கண்டது?

எஸ்தரிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்