மாற்றலாகிச் சென்ற சிஸ்டருக்கு

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

நீங்கள் எங்கள் பள்ளியை விட்டு மாற்றலாகிப் போய் இந்த மே மாதத்தோடு ஓராண்டாகிறது. நேற்று மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஊரார் சொல்லி நீங்கள் அறிவதற்கு முன் நானே எழுதிவிட நினைத்தேன். பலரும் படிக்கும் கடிதம் என்பதால், இப்போது பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

அந்த ஜூன் மாதக் காலைதான் கண்ணை விட்டு அகலவில்லை. கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வழிபாட்டில் ஒலிபெருக்கி கிறீச்சிட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன், மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் உட்கார்ந்து சிப்பிகளை வரிசை வைக்கத் தொடங்கினான். நீங்கள் அவனைக் கூப்பிடவும் இல்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. வெள்ளை அங்கியோடு மணலில் அமர்ந்து, சிறியதிலிருந்து பெரியதாக ஒவ்வொரு சிப்பியாகப் பொறுக்கி அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே இருந்தீர்கள். இரண்டாம் மணிக்கு முன் அவனே எழுந்து உங்கள் விரலைப் பிடித்தான். சோற்று டப்பாவோடு வாசலில் நின்ற நான் அழுதேன்.

சேர்க்கையின்போது ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிய தாளை உங்களிடம் மறைத்தேன். மன்னியுங்கள். அதைப் பார்த்ததுமே இரண்டு பள்ளிகளில் இடமில்லை என்றார்கள். மூன்றாவது முறையும் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் உங்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. வழிபாடு முடிந்தபின் வரலாம், சன்னலோரம் உட்காரலாம், மணி அடிக்கும் முன் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் மனத்திலேயே வைத்திருந்துவிட்டு, ஓர் ஆசிரியருக்கும் சொல்லிக்கொடுக்காமல் ஏன் போனீர்கள்? நீங்கள் போன மறுமாதமே எல்லாம் நின்றுவிட்டது. கேட்டதற்கு, சிறுபான்மைப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றார்கள். 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வேறு. அதில் ஆட்டிசமும் உண்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவைக்கேற்ற ஏற்பாடும் செய்ய வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. அன்று எனக்கு அது தெரியாது, தலைகுனிந்து வந்துவிட்டேன்.

நேற்று அவன் பெஞ்சில் நீங்கள் ஒட்டிய அட்டையைப் பிய்த்து எடுத்தேன். “மணி அடிக்கும். பிறகு சாப்பாடு” என்ற உங்கள் கையெழுத்தில் பாதி பலகையிலேயே தங்கிவிட்டது. எல்.கே.ஜி.யில் இன்னொரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது, சிஸ்டர். நீங்கள் செய்தவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அந்த வகுப்பு ஆசிரியைக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அவன் அம்மா