ஷண்ட் வைத்த குழந்தைகள் வளர்ந்த பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுத்தண்டுப் பிளவு, மூளைநீர்த் தேக்கம் ஆகிய இரண்டுக்குமான உலக நாளாக ஆண்டுதோறும் அக்டோபர் 25 கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி நான் படித்தவை பெரும்பாலும் கைக்குழந்தைகளைப் பற்றியவையே. அந்தக் குழந்தைகள் பள்ளிக்கும் வேலைக்கும் போய், மணமாகிப் பிள்ளை பெறும் வயதை அடையும்போது அவர்களுக்கு என்னென்ன தேவைப்படும் என்பதைச் சொல்வார் குறைவு. பிறந்த நான்காம் மாதத்தில் அறுவை சிகிச்சை செய்து, மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் ஷண்ட் என்ற குழாய் வைக்கப்பட்டு, இப்போது 28 வயதாகும் ஒரு பெண்ணின் தாய் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மூளையின் உள்ளறைகளில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் சுரந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி வந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அந்த வழி அடைபட்டாலோ, நீர் உறிஞ்சப்படுவது குறைந்தாலோ, அது தேங்கி மூளையை அழுத்தத் தொடங்கும். இதுவே மூளைநீர்த் தேக்கம். பிறவியிலேயே வழி குறுகியிருக்கலாம். குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ஏற்படும் இரத்தக்கசிவாலும், மூளையுறையைத் தாக்கும் காசநோயாலும், கட்டியாலும் பின்னர் வரலாம். எங்களிடம் மருத்துவர் "தலையில் நீர் கோத்திருக்கிறது" என்றுதான் சொன்னார். நம் வீடுகளில் அதற்குப் பொருளே வேறு. தலைக்குக் குளித்து ஈரம் சரியாகத் துவட்டாததால் வந்த சளி என்று எண்ணிக்கொண்ட என் மாமியார், அன்றிரவே நீர்க்கோவை மாத்திரையை இழைத்துக் குழந்தையின் நெற்றியில் பற்றுப் போட்டு, சாம்பிராணிப் புகையும் காட்டினார். அவர் மீது குற்றமில்லை. இது சளி அன்று, மூளைக்குள் தேங்கும் நீர் என்று விளக்க இன்னும் இரண்டு வாக்கியங்கள் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

பிறக்கும்போது குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும், முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வளரும். அதைவிட வேகமாக வளர்ந்தாலோ, உச்சிக்குழி புடைத்து நின்றாலோ, கருவிழிகள் கீழ்நோக்கியே இருந்தாலோ தாமதிக்கக் கூடாது. எடை பார்க்கும்போதெல்லாம் ஓர் அளவு நாடாவால் தலையையும் அளந்து அட்டையில் குறிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தேங்கும் நீரை மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கிவிடும் ஷண்ட்தான் இன்றும் பெரும்பாலோருக்கு வைக்கப்படுகிறது. சிலருக்கு உள்நோக்கிக் கருவி கொண்டு மூளைக்குள்ளேயே மாற்றுவழி திறந்துவிடுகிறார்கள். விலை குறைந்த ஷண்ட் உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரிலேயே தயாராகிறது. உகாண்டாவில் அதை விலையுயர்ந்த மேலைநாட்டு ஷண்டோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வில், விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனவே கருவி எட்டாத ஒன்றன்று. அதை வைத்த பிறகு வரும் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குத்தான் நம்மிடம் ஏற்பாடில்லை.

ஷண்ட் அடைத்துக்கொள்ளும். குழந்தைகளில் பத்துக்கு மூன்று நான்கு பேருக்கு முதல் ஆண்டிலேயே அது பழுதாகிறது; பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய பிறகும் ஒருநாள் நின்றுபோகலாம். என் மகளுக்கு ஒன்பது வயதில் அது நேர்ந்தது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பகலெல்லாம் தூக்கம். நாங்கள் காட்டிய மருத்துவமனையில் பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஷண்ட் இருக்கிறது என்று நான் சொன்னேன். அது எழுதிக்கொள்ளப்பட்டது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை. வேறோர் ஊருக்குக் கொண்டு ஓடி, அன்று மாலையே குழாயை மாற்றியதால் பிழைத்தாள். ஷண்ட் உள்ளவருக்குத் தலைவலியும் வாந்தியும் தூக்கமும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை ஷண்டையே ஐயுற வேண்டும் என்பது எல்லா அவசரப் பிரிவுகளிலும் எழுதி ஒட்டப்பட வேண்டிய செய்தி.

பள்ளியில் வந்த துன்பம் வேறு வகை. சரளமாகப் பேசுவாள், கதை சொன்னால் வகுப்பே கேட்கும். ஆனால் கணக்கிலும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளிலும் தடுமாறுவாள். இவ்வளவு பேசுகிறவளுக்குக் கணக்கு வராதா, சோம்பல்தான் என்றார்கள். இந்நோய் உள்ள பல குழந்தைகளிடம் காணப்படும் இயல்பு அது என்பதை ஓர் ஆசிரியை புரிந்துகொண்டு, ஒவ்வொரு படியாகப் பலகையில் எழுதிக் கொடுத்தார். கூடுதல் நேரமும் தந்தார். அந்த ஆண்டுதான் அவள் பள்ளிக்குச் சிரித்துக்கொண்டு போனாள். தலை வாரும்போது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை போல் புடைத்திருக்கும், நீர் இறங்கும் அளவைக் கட்டுப்படுத்தும் ஷண்டின் வால்வைச் சீப்பு தொடாமல் சுற்றிக்கொண்டு போவது இன்றும் என் கைக்குப் பழக்கம்.

பதினெட்டு வயதில் குழந்தைகள் பிரிவு எங்களை அனுப்பிவிட்டது. பெரியவர்கள் பிரிவில் யாரிடம் போவதென்று சொல்வாரில்லை. பழைய கோப்பு கிடைக்கவில்லை. ஒரு மஞ்சள் துணிப்பையில் நான் சேர்த்து வைத்திருந்த படச்சுருள்களும் சீட்டுகளுமே அவளுடைய மருத்துவ வரலாறு. எந்த வகை வால்வு என்பது தெரியாமல் புதிய மருத்துவர் என்ன செய்வார்? காந்தத்தால் அழுத்தத்தை மாற்றியமைக்கும் வால்வாக இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு அதன் அமைப்பைச் சரிபார்க்கவும் வேண்டும். அவள் கருவுற்றபோது இந்தப் பையைத்தான் மகப்பேறு மருத்துவரிடம் கொடுத்தேன். வயிறு பெருக்கும் மாதங்களில் குழாயின் கீழ்முனையில் அழுத்தம் கூடி நீர் இறங்குவது தடைபடலாம். அப்போது வரும் தலைவலியை இரத்த அழுத்தத்தால் வந்ததென்று தவறாகக் கொள்ளவும் கூடும். அந்த மருத்துவர் முன்கூட்டியே மூளை அறுவை மருத்துவரைக் கலந்து பேசினார். சுகப்பிரசவமே ஆயிற்று.

மூளைநீர்த் தேக்கத்தில் முதுமையில் வரும் வகையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கொலம்பியாவைச் சேர்ந்த சாலமோன் ஹக்கீம் 1965-இல் உலகுக்கு விளக்கிய இந்த வகையில், அளக்கும்போது அழுத்தம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆனால் நடை தடுமாறும், சிறுநீர் அடங்காது, மறதி கூடும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பாதத்தைத் தரையில் ஒட்டவைத்ததுபோல் இழுத்து இழுத்து நடந்தார். வயதானால் அப்படித்தான் என்று வீட்டார் இரண்டாண்டு விட்டுவிட்டார்கள். பிறகு ஒருவர் இடுப்புத் தண்டுவடத்திலிருந்து சிறிது நீரை எடுத்துப் பார்த்தபோது நடை தெளிந்தது; ஷண்ட் வைத்தபின் இப்போது தாமே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார். முதியோரின் எல்லா மறதியும் இதனால் வருவதன்று. ஆயினும் நடையில் தொடங்கிய தடுமாற்றத்தோடு மறதியும் சேர்ந்தால் ஒருமுறை ஸ்கேன் பார்க்கச் சொல்ல வேண்டாமா?

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது ஓர் அட்டை. ஷண்ட் வைத்த நாள், வால்வின் வகை, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, நலமாக இருந்தபோது எடுத்த ஸ்கேனின் நகல் எங்கே உள்ளது, அவசரத்துக்கு எந்த மருத்துவமனையை அழைப்பது என்பவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, அறுவை நடந்த நாளிலேயே பெற்றோரிடம் கொடுத்து, பின்னர் அந்தப் பிள்ளையின் கைக்கே மாற்ற வேண்டும். என் மகள் அப்படியொன்றைத் தானே கையால் எழுதி, கைப்பையில் ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறாள். "எனக்கு ஷண்ட் இருக்கிறது. நான் மயங்கிக் கிடந்தால் முதலில் தலையை ஸ்கேன் எடுங்கள்" என்பது அதன் முதல் வரி.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தஞ்சாவூர்.